நாற்பத்து மூன்று நாள், நான்கு கூடலாம் குறையலாம்

கூனபராபிரன் தாண்டி மலை ஏறும் சாலையில்
ஒரு பலகை: விளக்கைத் தாழ்த்து.
தாழ்த்துகிறேன்.
பனி பிடித்த புல்லில் கங்காருக்கள்
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி மேய்கின்றன.

எட்டு வருசமாய் இதே வேலை:
கேமராவின் வயிற்றுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது,
கூரை திறப்பது, மேகம் வந்தால் மூடுவது,
இடையில் தேநீர்.

இந்தக் குளிர்காலம் நாங்கள் பார்ப்பது
பெயர் இல்லாத, எண் மட்டும் உள்ள
ஒரு விண்மீன் மண்டலத்தை.
அதன் நடுவே கருந்துளை.
பார்க்க முடியாது, ஆனால் நிறுக்கலாம் என்கிறாள் இமோஜன்,
இரண்டு சோடிக் காலுறை போட்டுக்கொண்டு.

உள்ளே விழுகிற வாயு ஒருநாள் பளிச்சிடும்.
தள்ளி நின்று சுற்றும் முகில்களுக்கு
அது உடனே தெரியாது,
ஒளி நடந்து போய்ச் சொல்ல வேண்டும்.
சொன்ன பிறகு அவையும் பளிச்சிடும்.
இடையில் எத்தனை நாள் என்று எண்ணு,
முகிலின் வேகத்தால் இரண்டு தரம் பெருக்கு,
நடுவில் இருப்பதன் பாரம் வந்துவிடும்.

தேநீரோடு வெளியே வந்தேன்.
ஜூலையில் நம்முடைய நடுவும்
நேர் உச்சந்தலைக்கு மேல்தான்.
சூரியனுக்கும் அடுத்த விண்மீனுக்கும் இடையே
நாலு ஒளியாண்டு வெறும் வெளி.
அங்கே அந்த அளவு இடத்தில்
லட்சக்கணக்கில் விண்மீன்கள், தோளோடு தோள்.
இரவு என்ற சொல்லே அங்கே பிறந்திராது.
அத்தனை வெளிச்சமும் கூடி நிற்பது
வெளிச்சம் தராத ஒன்றைச் சுற்றி.

பிளாக்டவுனில் தங்கச்சி வீட்டு ஹாலில்
அன்றைக்கு அப்படித்தான் சனம்.
மடிப்புக் கதிரை போதாமல் ஐஸ்பெட்டி மேலும் இருந்தார்கள்.
சாப்பாட்டுத் தட்டுகள் தலைக்கு மேலால் போயின.
பெற்றோல் விலை கதைத்தார்கள், கிரிக்கெட் கதைத்தார்கள்,
ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பதினொரு தடவை அழைத்திருந்தாள் தயாளினி.
கூரை திறந்திருந்தது.
என் போன் அணைந்து
கோட்டுப் பைக்குள் கிடந்தது.
அம்மா என்னைக் கேட்டாவோ என்று
நான் கேட்கவில்லை.
அவள் சொல்லவும் இல்லை.

பிறகு எப்போதாவது ஒரு கேள்வி அனுப்புவேன்.
சாப்பிட்டியோ?
பத்தொன்பது நாள் கழித்து: ம்.
மகனுக்குக் காய்ச்சல் விட்டுதோ?
முப்பத்தொரு நாள்.
ஒரு கட்டைவிரல்.

இன்று விடிய நாலு மணிக்கு
இமோஜன் திரையில் ஒரு கோட்டைப் பிடித்து
இடப்பக்கம் நகர்த்தினாள்.
மேடும் பள்ளமுமாய் அது
மற்றக் கோட்டின் மேல் போய் அச்சொட்டாய் அமர்ந்தது.
நாற்பத்து மூன்று நாள்.
நான்கு கூடலாம் குறையலாம்.
பத்துக் கோடி சூரியன், என்றாள்
மடியிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டியபடி.

எனக்குப் பாரம் பெரிதாய்ப் படவில்லை.
நூற்றுமுப்பது கோடி வருசத்துக்கு முந்திய முகில் அது.
உள்ளே விழுந்துவிடவில்லை.
விட்டுவிட்டு ஓடவும் இல்லை.
கேட்டதற்குப் பிந்தியாவது பதில் சொன்னது.

கூரையை மூடினேன்.
இறக்கத்தில் ஒரு கங்காரு நடுச்சாலையில்.
விளக்கை அணைத்து, எஞ்சினையும் அணைத்துக் காத்திருந்தேன்.
அது காது சொறிந்தது. அவசரம் இல்லை அதற்கு.

பேக்கரி வாசலில் போனுக்கு உயிர் வந்தது.
தயாளினி.
இருபத்தாறு நாளுக்கு முன் நான் கேட்டது
என்னவென்றே மறந்துபோயிருந்தது.
அங்கே சரியான குளிரோ?
என்று எழுதியிருந்தாள்.

அவள் என்னிடம் ஒன்று கேட்டு
மூன்று வருசம்.

குளிர்தான், என்று தட்டினேன்.
விரல் விறைத்து இரண்டு எழுத்துப் பிழை.
திருத்தாமல் அனுப்பிவிட்டு
கொப்பியில் திகதியைக் குறித்தேன்.